டார்ட்ஸைத் தொழிலாக எடுக்க நினைப்பவர்களுக்கு: பலகை மாட்டுவது முதல் டூர் கார்டு வரை

தொலைக்காட்சியில் டார்ட்ஸ் பார்ப்பவர்களுக்கு நினைவில் நிற்பது நடுவர் நீட்டி முழங்கும் 180, மூன்று அம்பில் எடுக்கக்கூடிய உச்சம். தொழிலாக ஆடுகிறவர்களுக்குச் சோறு போடுவது வேறு. 32 மிச்சம், எதிராளி 40-இல் காத்திருக்கிறார், கையில் ஒரே அம்பு. 8 மில்லிமீட்டர் அகல டபுள் பட்டைக்குள் அது இறங்குகிறதா என்பதில்தான் வருமானம் இருக்கிறது. பயிற்சி, கணக்கு, போட்டித் தேர்வு எல்லாவற்றையும் இங்கே அந்தப் பட்டையை வைத்தே பார்க்கிறோம். இந்த ஆட்டத்தை நம்பிப் பிழைப்பு நடத்தக்கூடிய இடம் இன்று பிரிட்டனை மையமாகக் கொண்ட பி.டி.சி. (புரொஃபஷனல் டார்ட்ஸ் கார்ப்பரேஷன்) சுற்று. அதில் முழுநேரமாக ஆடும் உரிமைதான் டூர் கார்டு. ஆகவே வழியும் அங்கேதான் போகிறது.

ஆட்டமே புதிது என்றால் இவ்வளவு போதும். இருவரும் 501-இல் தொடங்குகிறார்கள். முறைக்கு மூன்று அம்பு, எடுத்த புள்ளியைக் கழித்துக்கொண்டே வர வேண்டும். பலகையின் வெளி ஓரத்து மெல்லிய வளையம் டபுள், அங்கே எண் இரண்டு மடங்கு. உள்ளே இருக்கும் மெல்லிய வளையம் ட்ரிபிள், மூன்று மடங்கு. கட்டத்தின் மற்ற இடம் சிங்கிள். கடைசி அம்பு டபுள் வளையத்திலோ நடுப்புள்ளியிலோ (புல், 50) விழுந்து சரியாகப் பூஜ்யம் ஆக வேண்டும். மிஞ்சினாலும், 1 மிச்சமானாலும், டபுள் இல்லாமல் பூஜ்யத்துக்கு வந்தாலும் அந்த முறை செல்லாது. முறை தொடங்கும்போது இருந்த எண்ணுக்கே திரும்பிவிடும். இப்படி ஓர் ஆட்டம் ஒரு லெக்.

பலகை

சைசல் நாரை அழுத்திச் செய்த பலகையை வாங்குங்கள். காகிதச் சுருள் பலகையில் அம்பு நிற்காது. பிளாஸ்டிக் முனை அம்புக்கான மின்னணுப் பலகைக்கு ஜப்பான், ஹாங்காங், சிங்கப்பூர் பக்கம் தனி உலகமே உண்டு. ஆனால் இங்கே சொல்லும் பாதை எஃகு முனை அம்புக்கானது. கம்பி எவ்வளவு மெல்லிதோ அவ்வளவு நல்லது. தடித்த கம்பியில் பட்டு அம்பு தெறித்து விழும்.

நடுப்புள்ளி தரையிலிருந்து 1.73 மீட்டர் உயரத்தில் இருக்க வேண்டும். எறியும் கோடு (ஓக்கி) பலகையின் முகத்திலிருந்து 2.37 மீட்டர். புதியவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கே: சுவரிலிருந்து அளந்துவிடுகிறார்கள். பலகையின் கனமும் பின்னால் உள்ள தாங்கியும் சேர்ந்து நாலைந்து சென்டிமீட்டரை விழுங்கிவிடும். வீட்டில் அவ்வளவு கிட்ட நின்று பழகியவருக்கு வெளியே போட்டியில் அம்பெல்லாம் தாழ்ந்து விழும், காரணமும் புரியாது. பலகை முகத்திலிருந்து தூக்குநூல் விட்டு, அது தரையைத் தொடும் இடத்திலிருந்து அளங்கள். பிறகு நடுப்புள்ளியிலிருந்து கோடு வரை சாய்வாக நாடா பிடித்தால் 2.93 மீட்டர் வர வேண்டும். வந்தால் இரண்டு அளவும் சரி. கனமான ரப்பர் விரிப்பின்மேல் நின்று ஆடுவதானால் உயரத்தை விரிப்பின் மேற்பரப்பிலிருந்து எடுங்கள்.

விளக்கு ஒரு பக்கத்திலிருந்து மட்டும் வந்தால் முதல் அம்பின் நிழல் இரண்டாவதன் இலக்கை மறைக்கும். பலகையைச் சுற்றி வளையமாக எரியும் விளக்கு இதைத் தீர்க்கும். பலகையை நனைக்கவே கூடாது. அந்தக் காலத்து எல்ம் மரப் பலகைகளை நீரில் ஊறவைப்பது வழக்கம். சைசல் நனைந்தால் உப்பிக் கெட்டுவிடும். எண் வளையத்தைக் கழற்றிப் பலகையை அவ்வப்போது திருப்புங்கள், இல்லாவிட்டால் ட்ரிபிள் 20 சீக்கிரம் குழியாகும். ஒவ்வொரு முறையும் இரட்டைப்படைக் கட்டங்களாகத் திருப்பினால் 20-இன் இடத்தில் கறுப்பே நிற்கும்.

அம்பு

முனை, பாரல் (விரல் பிடிக்கும் உலோக உடல்), ஷாஃப்ட் (அதன் பின்னால் திருகும் தண்டு), ஃப்ளைட் (வால் இறகு) என்று நான்கு பாகம். எடை 50 கிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. தொழில்முறை ஆட்டக்காரர்களில் பெரும்பாலோர் 20-க்கும் 26-க்கும் இடையில் எறிகிறார்கள். 22 முதல் 24 கிராமில் தொடங்குவது பாதுகாப்பு. பாரல் டங்ஸ்டனாக இருக்கட்டும், 90 சதவீதம் போதும். டங்ஸ்டனின் அடர்த்தி பித்தளையைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். அதே எடையில் பாரல் மெலிதாகும். ட்ரிபிள் பட்டையும் 8 மில்லிமீட்டர்தான். பித்தளை அம்பு ஒன்று அதில் நின்றாலே அடுத்ததற்கு வழியை அடைத்துவிடும்.

பெரிய ஃப்ளைட் காற்றை அதிகம் பிடிக்கும், அம்பைச் சீக்கிரம் நேராக்கும். சிறியது வேகம் தரும், ஆனால் விரல் விடுவிப்பதில் உள்ள பிசகை மன்னிக்காது. புதியவர்கள் சாதாரண அளவு ஃப்ளைட், நடுத்தர ஷாஃப்ட் என்று வைத்துக்கொண்டு பல வாரம் அதையே தொடர வேண்டும். தோற்ற அன்று இரவே புது அம்பு வாங்குவது இந்த ஆட்டத்தின் பொதுவியாதி. மாற்றித்தான் ஆக வேண்டும் என்றால் ஒரு நேரத்தில் ஒரு பாகத்தை மட்டும் மாற்றுங்கள். இல்லையென்றால் எது உதவியது, எது கெடுத்தது என்று தெரியாது.

ஷாஃப்ட் ஆடும்போதே தளரும். ஒவ்வொரு லெக் முடிந்ததும் ஒரு திருகு திருகிப் பாருங்கள். முனையில் கொக்கிபோலப் பிசிறு வந்தால் அது நாரைப் பிய்க்கும், மழுங்கினால் அம்பு தெறிக்கும். சாணைக்கல்லில் முனையை உருட்டி உரசிப் பிசிறை எடுங்கள். ஊசிக்கூராகத் தீட்ட வேண்டாம். கம்பியில் பட்டதும் வளைந்துவிடும்.

எறிதல்

வலக்கைக்காரர் வலக்காலை முன்னால் வைத்து, எடையில் பெரும்பகுதியை அதன்மேல் போட்டு நிற்க வேண்டும். பின்காலின் விரல்நுனி சமநிலைக்கு மட்டும். பாதத்தைப் பக்கவாட்டில் வைப்பதா, சாய்த்து வைப்பதா என்பது உடல்வாகைப் பொறுத்தது. எதுவானாலும் தினமும் அதே இடத்தில், அதே கோணத்தில் வர வேண்டும். கோட்டுக்கு மேல் உடல் சாயலாம். பாதம் கோட்டைத் தாண்டக் கூடாது.

அம்பை விரலில் கிடத்திப் பாரம் சமமாகும் இடத்தைக் கண்டுபிடித்து, அங்கேயே கட்டைவிரலும் மற்ற இரண்டு அல்லது மூன்று விரல்களும் பிடிக்கட்டும். நகம் வெளுக்கும் அளவுக்கு இறுக்கினால் ஏதாவது ஒரு விரல் தாமதமாக விடும், அம்பு அந்தப் பக்கம் இழுக்கும். முழங்கையை உயர்த்தி, முன்கையை மட்டும் கண்ணருகே பின்னால் கொண்டுவந்து, தடையில்லாமல் முன்னே விடுங்கள். அம்பு போன பிறகும் கை இலக்கை நோக்கி நீள வேண்டும்.

விழுகிற இடத்தைப் பார்த்தே பிழையைக் கண்டுபிடிக்கலாம். மூன்றும் ஒரே பக்கம் விலகினால் பெரும்பாலும் நிற்கும் இடமோ தோளின் திசையோ தவறு. மேலும் கீழுமாகச் சிதறினால் விடும் நேரம் மாறுகிறது, அல்லது எறியும்போது உடல் எழும்புகிறது. முதல் இரண்டு நன்றாகப் போய் மூன்றாவது மட்டும் தாழ்ந்தால் அவசரம். அம்பு பலகையைத் தொடும் முன்பே கையை இழுத்துக்கொள்கிறீர்கள். பக்கவாட்டிலிருந்து கைப்பேசியில் படமெடுத்துப் பாருங்கள், பத்துப் பேரின் அறிவுரைக்கு அது மேல்.

எங்கே குறி வைப்பது? 20-க்கு இருபுறமும் 5-உம் 1-உம் இருக்கின்றன. மூன்று கட்டத்துக்கும் சிதறினால் கூட்டு 26. அதுவே 19-க்கு (3, 7) 29. 16-க்கு (7, 8) 31. 14-க்கு (9, 11) 34. இன்னும் அம்பு ஒரே இடத்தில் சேர்ந்து விழாதவர் 20-இலேயே முட்டிக்கொண்டிருப்பது நட்டம். வாராந்திர ஆட்டத்தில் ஜெயிக்க வேண்டும் என்றால் இடது பக்கமாகக் குறி வையுங்கள். ஆனால் பயிற்சியில் 20-ஐயும் 19-ஐயும் விடாதீர்கள். கடைசியில் அங்கேதான் வந்து சேர வேண்டும்.

கணக்கு

இதில் சோம்பல் பட்டவர்கள் மேலே போனதே இல்லை. மூன்று அம்பில் முடிக்கக்கூடிய மிகப் பெரிய எண் 170: ட்ரிபிள் 20, ட்ரிபிள் 20, புல். 170-க்குக் கீழே 169, 168, 166, 165, 163, 162, 159 ஆகிய ஏழையும் மூன்று அம்பில் முடிக்க முடியாது. எதிராளி முடிக்கும் தூரத்தில் இருக்கும்போது இவற்றில் ஒன்றை மிச்சம் வைப்பது ஒரு முறையைத் தானம் செய்வதற்குச் சமம்.

உதாரணம்: 188 மிச்சம், கையில் கடைசி அம்பு. பழக்கத்தில் 20-க்கு எறிந்து சிங்கிளில் விழுந்தால் 168. 19-க்குப் போனால் 169. இரண்டும் வீண். 18-க்கு எறியுங்கள்: சிங்கிள் விழுந்தால் 170, ட்ரிபிள் விழுந்தால் 134, இரண்டுமே முடியும் எண்கள். இந்த முடிவை ஓரிரு நொடியில் எடுக்க வேண்டும். கோட்டில் நின்று விரல்விட்டு எண்ணினால் எறியும் தாளம் போய்விடும்.

டபுளிலும் கணக்கு உண்டு. 32-க்கு டபுள் 16. உள்ளே தவறிச் சிங்கிள் 16 விழுந்தால் 16, அதற்கு டபுள் 8. அங்கும் தவறினால் டபுள் 4, பிறகு 2, பிறகு 1. ஒவ்வொரு தவறுக்குப் பின்னும் உடனே இன்னொரு டபுள் காத்திருக்கும். 40-இல் டபுள் 20, 10, 5 என்று வந்து, அதிலும் தவறினால் 5 என்ற ஒற்றைப்படையில் மாட்டிக்கொள்வீர்கள். ஓர் அம்பைச் செலவழித்துச் சரிசெய்ய வேண்டும். ஆனாலும் டபுள் 20-ஐப் பலர் விரும்புவதற்குக் காரணம் இருக்கிறது. ட்ரிபிள் 20-க்கு எறிந்த அதே நேர்கோட்டில், சற்று மேலே இருக்கிறது. இரண்டில் ஒன்றை உங்கள் டபுளாக ஆக்கிக்கொண்டு, 60 முதல் 100 வரை உள்ள எண்களை அங்கே கொண்டுவரும் வழிகளை மனப்பாடம் செய்யுங்கள். 62-க்கு ட்ரிபிள் 10, டபுள் 16. ட்ரிபிள் தவறிச் சிங்கிள் 10 விழுந்தால் 52. அடுத்து சிங்கிள் 20, மறுபடி டபுள் 16. இப்படி, தவறினாலும் வழி இருக்கிற பாதையாகத் தேர்ந்தெடுப்பதுதான் கலை.

பயிற்சி

ஒரு நாளில் இரண்டு மணி நேரம் என்றால் அதில் பாதியாவது டபுளுக்குப் போகட்டும். எல்லாரும் செய்வது இதற்கு நேர்மாறு.

பாப்ஸ் 27 என்ற பயிற்சி ஆட்டம் இதற்கென்றே இருக்கிறது. 27 புள்ளியில் தொடங்குங்கள். டபுள் 1-க்கு மூன்று அம்பு, டபுள் 2-க்கு மூன்று என்று 20 வரை போய், கடைசியில் புல். விழுந்த ஒவ்வொரு அம்புக்கும் அந்த டபுளின் மதிப்பைக் கூட்டுங்கள். மூன்றும் தவறினால் அந்த மதிப்பை ஒரு முறை கழியுங்கள். பூஜ்யத்துக்குக் கீழே போனால் ஆட்டம் முடிந்தது. உச்சம் 1437. ஆரம்பத்தில் பத்தாவது டபுளைத் தாண்டுவதே பாடாக இருக்கும். எண்களை நோட்டில் எழுதி வையுங்கள், மாதக்கணக்கில் பார்த்தால்தான் ஏற்றம் தெரியும்.

இன்னொன்று 121. ஒன்பது அம்புக்குள் 121-ஐ முடித்தால் 122-க்குப் போங்கள், தவறினால் 121-க்கே திரும்புங்கள். கணக்கும் கையும் சேர்ந்து பழகும். மீதி நேரத்தில் தனியாக 501 ஆடி, எத்தனை அம்பில் முடிகிறது என்று குறியுங்கள். முடிக்காமல் விட்ட லெக்கையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் சராசரி பொய் சொல்லும்.

ஒரு லெக்கை 30 அம்பில் முடித்தால் மூன்றம்புச் சராசரி 50.1. 24 என்றால் 62.6, 21 என்றால் 71.6, 18 என்றால் 83.5, 15 என்றால் 100.2. 60-ஐத் தொட்டால் உள்ளூர் லீக்கில் மதிப்பாக ஆடலாம். 75-ஐ ஒட்டி நின்றால் திறந்த போட்டிகளில் ஓரிரு சுற்று கடக்கலாம். டூர் கார்டுக்கான தேர்வுப் போட்டியான தகுதிப் பள்ளியில் நிலைக்க 90-ஐ ஒட்டி வேண்டும், அதுவும் நாள் முழுவதும். 2016-இல் பிரீமியர் லீக்கில் மைக்கேல் வான் கெர்வென் 123.40 எடுத்தார், அதைப் பார்த்து மலைக்கத் தேவையில்லை. டூர் கார்டு கைமாறுவதெல்லாம் 85-க்கும் 95-க்கும் இடையிலான சண்டையில்.

வெளியே போய் ஆடுவது

வீட்டுச் சராசரியில் நல்ல பங்கு போட்டியில் காணாமல் போகும். எதிராளி எறியும்வரை காத்திருப்பது, கூச்சல், வேறு வெளிச்சம் எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. இதற்கு ஒரே மருந்து நிறைய ஆடுவது. பிரிட்டனில் இருப்பவர்களுக்குப் பப் லீக், பிறகு சூப்பர் லீக், பிறகு மாவட்ட அணி என்று படிகள் இருக்கின்றன. பல இடங்களில் தோற்றவர் நின்று அடுத்த ஆட்டத்துக்குப் புள்ளி எழுத வேண்டும். இது தண்டனை இல்லை, கணக்கைக் கூர்மையாக்க இதைவிட நல்ல வழி கிடையாது.

இளையவர்களுக்கு ஜூனியர் டார்ட்ஸ் கார்ப்பரேஷனின் பயிற்சிக் கூடங்கள் உண்டு. 17 வயதில் உலகப் பட்டம் வென்ற லூக் லிட்லர் செயின்ட் ஹெலன்ஸில் அப்படி ஒரு கூடத்தில் வளர்ந்தவர். 1976 முதல் இயங்கும் உலக டார்ட்ஸ் கூட்டமைப்பு பல நாடுகளில் திறந்த போட்டிகளை நடத்துகிறது. நுழைவுக் கட்டணம் கட்டி யாரும் ஆடலாம். போர்ட்ஸ்மத்தில் வாரந்தோறும் நடக்கும் மோடஸ் சூப்பர் சீரிஸ், கேமரா முன்னால் நிற்பதற்குப் பழக்கும்.

ஆசியாவில் இருந்தால் பாதை கொஞ்சம் வேறு. பி.டி.சி.யின் ஆசியச் சுற்று வழியாகவும், நாட்டு அளவிலான தகுதிப் போட்டி வழியாகவும் உலகப் போட்டிக்குப் போகலாம். இந்தியாவின் நிதின் குமார் லண்டன் அலெக்ஸாண்ட்ரா பேலஸ் மேடையில் பலமுறை ஆடியிருக்கிறார். சிங்கப்பூரில் பிறந்த பால் லிம் 1990 உலகப் போட்டியில் ஒன்பதே அம்பில் 501-ஐ முடித்தார். அந்தப் போட்டி வரலாற்றில் அதுவே முதல். அதற்கு அவருக்குக் கிடைத்தது 52,000 பவுண்டு, அந்த ஆண்டு பட்டம் வென்ற ஃபில் டெய்லருக்கு 24,000. இப்படியும் நடக்கும்.

டூர் கார்டு

பி.டி.சி. சுற்றில் முழுநேரமாக ஆட 128 பேருக்கு மட்டும் கார்டு. செல்லுபடி இரண்டு ஆண்டு. புதியவருக்கு முக்கிய வாசல் ஜனவரியில் நடக்கும் தகுதிப் பள்ளி, அதாவது கியூ ஸ்கூல். பிரிட்டனில் ஒன்று, ஜெர்மனியில் ஒன்று. முதல் கட்டத்தில் தேறியவர்கள் இறுதிக் கட்டத்துக்குப் போவார்கள். இறுதிக் கட்டத்தில் அன்றன்று வெல்பவருக்கு நேரடியாகக் கார்டு. மீதிக் கார்டுகள் எல்லா நாளும் சேர்த்த புள்ளிப் பட்டியலின்படி. ஆகவே ஒரு நாள் கோப்பை தவறிவிட்டது என்று மனம் உடையக் கூடாது. நாள்தோறும் இரண்டு மூன்று சுற்று தாண்டுகிறவர்தான் பட்டியலில் மேலே வருகிறார்.

கார்டு கிடைக்காதவர்களுக்கு அந்த ஆண்டு சேலஞ்ச் டூர் இருக்கிறது. 16 முதல் 24 வயது வரை டெவலப்மென்ட் டூர். இரண்டிலும் ஆண்டு முடிவில் முன்னணியில் நிற்பவர்களுக்குக் கார்டு வரும். சேலஞ்ச் டூர் பட்டியலில் மேலே இருந்தால், கார்டுக்காரர் யாராவது விலகும்போது அவர் இடத்தில் பெரிய போட்டிக்கு அழைப்பு வரும். பெண்களுக்கெனத் தனித் தொடரும் உண்டு. பொதுப் பாதையும் அவர்களுக்குத் திறந்தே இருக்கிறது. ஃபாலன் ஷெராக் 2019 டிசம்பரில் உலகப் போட்டியில் ஆண்கள் இருவரை அடுத்தடுத்து வென்றார்.

இரண்டு ஆண்டுக் கணக்கு

கார்டு கிடைத்த நாளில் கொண்டாடிவிட்டு மறுநாள் கணக்குப் புத்தகத்தைத் திறங்கள். தரவரிசை என்பது கடந்த இரண்டு ஆண்டில் வென்ற பரிசுப் பணத்தின் கூட்டுத்தொகை. இரண்டாம் ஆண்டு முடிவில் முதல் 64-க்குள் இல்லையென்றால் கார்டு போய்விடும், மறுபடி தகுதிப் பள்ளி. நீங்கள் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறீர்கள், மற்றவர்கள் மூட்டையோடு நிற்கிறார்கள்.

ஆனால் ஒரு சந்து இருக்கிறது. புரோ டூர் என்ற இன்னொரு பட்டியல் ஒரே ஆண்டுப் பணத்தை மட்டும் பார்க்கும். பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் போட்டிகளும் ஐரோப்பியச் சுற்றும் அதில் சேரும். 128 பேருடன் நடந்த 2026 உலகப் போட்டிக்கு முதன்மைப் பட்டியலிலிருந்து 40 பேரும், புரோ டூர் பட்டியலிலிருந்து 40 பேரும், சர்வதேசத் தகுதிச் சுற்றுகளிலிருந்து 48 பேரும் எடுக்கப்பட்டார்கள். அங்கே முதல் சுற்றில் தோற்றவருக்கே 15,000 பவுண்டு, ஓர் ஆட்டம் வென்றால் 25,000, பட்டத்துக்கு 10 லட்சம். முதல் ஆண்டில் உங்கள் ஒரே இலக்கு அந்த 40-க்குள் நுழைவது. அதற்கு பிளேயர்ஸ் சாம்பியன்ஷிப் ஒன்றையும் தவறவிடாதீர்கள். அவை ரசிகர் இல்லாத மண்டபத்தில், வரிசையாக மாட்டிய பலகைகளில், பெரும்பாலும் முதலில் 6 லெக் வெல்பவர் என்று ஓடுபவை. ஒரே நாளில் 128-இலிருந்து ஒருவர் மிஞ்சுவார். பளபளப்பு கிடையாது, பிழைப்பு அங்கேதான்.

பயணம், தங்கல், சாப்பாடு எல்லாம் கைக்காசு. பரிசுப் பணம் வராத மாதங்களுக்கென்று ஓராண்டுச் செலவைத் தனியாக எடுத்து வைக்காமல் வேலையை விடாதீர்கள். பலர் முதல் ஆண்டு முழுவதும் பகல் வேலையோடுதான் ஆடுகிறார்கள். அம்பு நிறுவனங்களின் ஒப்பந்தம் முதலில் பொருளாகவே வரும், பணமாக வருவது மேடையில் முகம் தெரிந்த பிறகு. சட்டை விளம்பரத்துக்கு ஊரில் உள்ள சிறு கடைக்காரர்களைக் கேளுங்கள், தருவார்கள். மேலாளர் ஒப்பந்தத்தில் தரகு எந்த வருமானத்துக்கு, எத்தனை ஆண்டுக்கு, ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிடிப்பார்களா என்ற மூன்றையும் எழுத்தில் பார்க்காமல் கையெழுத்துப் போட வேண்டாம். பிரிட்டனில் நீங்கள் சுயதொழில் செய்பவர். வரிக்கணக்கை நீங்களே தாக்கல் செய்ய வேண்டும், ரசீதுகளைத் தூக்கி எறியாதீர்கள்.

டார்ட்ஸ் ஒழுங்காற்று ஆணையத்தின் விதிகளில் ஒன்று உயிர்நாடி: டார்ட்ஸ் ஆட்டத்தின்மேல் பந்தயம் கட்டக் கூடாது, தான் ஆடாத ஆட்டமாக இருந்தாலும். யாராவது முடிவை மாற்றச் சொல்லி அணுகினால் உடனே புகார் செய்ய வேண்டும். மறைத்தாலும் தண்டனை உண்டு.

கை விடாமல் போனால்

நன்றாக ஆடிக்கொண்டிருப்பவருக்குத் திடீரென்று அம்பை விட முடியாமல் விரல் உறைந்துபோகும். இதற்கு டார்ட்டைட்டிஸ் என்று பெயர். ஐந்து முறை உலகப் பட்டம் வென்ற எரிக் பிரிஸ்டோவையே இது பிடித்தது. 2017-இல் வுல்வர்ஹாம்ப்டன் மேடையில் பெர்ரி வான் பியர் கோட்டில் நின்று தவித்ததைத் தொலைக்காட்சியே காட்டியது. அவர் பிற்பாடு மீண்டு வந்தார். அறிகுறி கண்டதும் எண்ணிக்கையைக் கூட்டிப் பயிற்சி செய்வது நிலைமையை மோசமாக்கும். இலக்கு இல்லாமல், கிட்ட நின்று, எண்ணாமல் எறியுங்கள். பிடியையோ கை எடுக்கும் தாளத்தையோ சற்று மாற்றுங்கள். சில வாரத்தில் தெளியவில்லை என்றால் விளையாட்டு உளவியலாளரிடம் போங்கள். தோளும் முழங்கையும் வலித்தால் எறிவதை நிறுத்தி இயன்முறை மருத்துவரைப் பாருங்கள். வலியோடு எறிந்தால் கை தானாக வேறு வழியைப் பழகிக்கொள்ளும், அதைத் திருத்துவது வலியைவிடக் கடினம்.

பயணத்துக்கு

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவருக்கு பிரிட்டன் விசாவும் ஜெர்மனி, நெதர்லாந்து போக ஷெங்கன் விசாவும் தனித்தனி. போட்டிக்காகப் போவதாகச் சொல்லியே, நுழைவு உறுதிக் கடிதத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். பிரிட்டன் கடவுச்சீட்டு இருந்தாலும் ஷெங்கன் நாடுகளில் 180 நாளில் 90 நாள்தான்.

அம்பைக் கைப்பையில் வைத்தால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள், சரக்குப் பையில்தான் போட வேண்டும். அந்தப் பை தொலைந்தால்? அதே பாரலில் இன்னொரு செட்டை வேறு ஒரு பையிலோ, கூட வருபவரிடமோ கொடுத்து அனுப்புங்கள். ஃப்ளைட் பத்து, ஷாஃப்ட் ஆறு, சாணைக்கல், ஷாஃப்ட் முறிந்து பாரலுக்குள் சிக்கினால் எடுக்கும் சிறு கருவி, கறுப்புக் காற்சட்டை (ஜீன்ஸ் அனுமதி இல்லை), உதிரியாக இன்னொரு சட்டை. போட்டிக்கு முந்தின நாளே ஊர்போய்ச் சேர்ந்து, பயிற்சிப் பலகையில் ஒரு மணி நேரம் எறிந்துவிட்டுத் தூங்குங்கள்.